பஸ் வரவில்லை

ஜூன் பிறந்துவிட்டால் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளில் விடுப்புக் கடிதத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தேவாலாவில் மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. மண் ஊறி, வேர்ப்பிடி தளர்ந்து, எங்காவது ஒரு சில்வர் ஓக்கோ கற்பூர மரமோ ரோட்டுக்குக் குறுக்கே சாயும். அதை அறுத்து ஒதுக்கும்வரை மேலே இருக்கிற எஸ்டேட்டுக்குப் பஸ் கிடையாது. அப்படி ஒரு மழைக்கு மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அவளுடைய அம்மா அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள் என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன். கோடு போட்ட தாளில் அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் முறைப்படி இருந்தன. நடுவில் இரண்டே வாக்கியம்: ‘எ பிக் ட்ரீ ஃபெல்டு ஆன் தி ரோடு அண்ட் லெய்ட் தேர். ஸோ தி பஸ் டிட் நாட் கேம்.’

மூன்று வினைச்சொற்கள். மூன்றையும் ஆங்கில இலக்கணம் ஒழுங்கற்ற வினைகள் என்ற பட்டியலோடு சேர்த்துச் சொல்கிறது. மூன்றும் பிழை. ஃபெல், லே, கம் என்று இருந்திருக்க வேண்டும். சிவப்பு மையில் மூன்று வட்டம் போட அரை நிமிடம் போதும். ஆனால் இந்த மூன்று பிழைகளில் ஒன்றுகூட அறியாமையால் வந்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஆசிரியர் புரிந்துகொள்ளாவிட்டால் வட்டம் போட்டுப் பயனில்லை. அடுத்த மழைக்கும் அதே கடிதம்தான் வரும்.

முதலில் ‘டிட் நாட் கேம்’. நம் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதல் பிழையாகச் சொல்வார்கள். சொல்லும்போது ஒரு சலிப்பும் கூடவே வரும். எனக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை. இந்தப் பிள்ளை என்ன நினைத்திருப்பாள்? நடந்தது நேற்று. நேற்றைக்கு உரிய வடிவம் ‘கேம்’. ஆறாம் வகுப்பிலிருந்து ‘கம் கேம் கம், கோ வென்ட் கான்’ என்று ராகம் போட்டு ஒப்பித்ததை இங்கே கொண்டுவந்து வைக்கிறாள். ஒப்பிக்காத பிள்ளை ‘பஸ் நோ கம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். அதில் வினை தற்செயலாகச் சரியாகவே நின்றிருக்கும். படித்ததை மறக்காமல் பயன்படுத்துகிற பிள்ளைதான் ‘டிட் நாட் கேம்’ என்று எழுதும்.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. பஸ் வரவில்லை என்கிறோம். அதில் காலம் எங்கே இருக்கிறது? ‘வர’ என்பது காலம் காட்டாத எச்சம். ‘இல்லை’ என்பதிலும் இறந்தகால இடைநிலை ஏதும் கிடையாது. இரண்டும் கூடியபின் அது நடந்து முடிந்ததன் மறுப்பு என்று எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தது என்றெல்லாம் மாறுகிற வினை, மறுப்பு என்று வந்ததும் தன் காலத்தையும் பாலையும் இறக்கிவைத்துவிட்டு வெறும் ‘வர’ ஆகிவிடுகிறது. ஆங்கிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொள்கிறது, மறுப்பை ‘நாட்’ ஏற்றுக்கொள்கிறது, வினை வெறும் ‘கம்’ ஆக நிற்கிறது. கரும்பலகையில் ‘வர’ என்பதற்கு நேர் கீழே ‘கம்’ என்றும் ‘இல்லை’ என்பதற்கு நேர் கீழே ‘டிட் நாட்’ என்றும் எழுதிக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘வந்தவில்லை’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்வதில்லை என்பதை நினைவூட்டினால் போதும்.

ஆனால் கூடலூர் வகுப்பறையில் எல்லாரும் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வருவதில்லை. இங்கிருந்து ஒரு பக்கம் வயநாடு, இன்னொரு பக்கம் நிலம்பூர். மலையாளம் பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் வீட்டில் ‘வந்நில்ல’ என்பார்கள். அதில் இறந்தகால வடிவம் அப்படியே இருக்க, அதன்மேல் ‘இல்ல’ ஏறி உட்கார்கிறது. அதாவது, அந்த மொழியின் கட்டுமானமே ‘கேம் நாட்’ போன்றதுதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிழையைச் செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கும் காரணம் வேறுவேறாக இருக்கலாம்.

தமிழுக்கும் அந்த வழி அந்நியமல்ல. பழந்தமிழில் வந்திலன், கண்டிலன், சென்றிலன் என்று வரும். வந்த் என்ற இறந்தகால அடியின்மேல் ‘இல்’ சேர்ந்து, அதன்மேல் விகுதி. இன்று அது செய்யுளோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலியத்தைப் புரட்டினால் ‘கேம் நாட்’ என்ற அமைப்பு சர்வசாதாரணமாகக் கிடைக்கும். துணைக்கு ‘டிட்’ வைத்துக்கொண்டு மறுக்கிற வழக்கம் அந்த நூற்றாண்டுகளில்தான் மெல்ல மெல்ல நிலைபெற்றது. இந்தப் பிள்ளை எழுதியது பழைய ஆங்கிலத்துக்கும் புதிய ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்கிற ஒரு வாக்கியம். இன்றைய இலக்கணத்துக்குப் பொருந்தாதுதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் பகுத்தறியத் தெரியாத பிள்ளை செய்த பிழை என்று யாரும் சொல்லக் கூடாது.

‘ஒழுங்கற்ற வினை’ என்ற பெயரே எனக்கு உறுத்தல். ஒழுங்காக நடக்காதவை, ஆகவே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை என்ற எண்ணத்தை அது பிள்ளைகள் மனதில் போட்டுவிடுகிறது. இதே பிள்ளைகள் அடுத்த பாடவேளையில் தமிழம்மாவிடம் பகுபத உறுப்பிலக்கணம் எழுதுகிறார்கள். வந்தான்: வா, த், த், ஆன். ‘வா’ என்ற பகுதி ‘வ’ எனக் குறுகியது விகாரம். சந்தியாக வந்த தகரம் நகரமானதும் விகாரம். காண் என்பது கண்டான் ஆகிறது, நோ என்பது நொந்தான் ஆகிறது, சா என்பது செத்தான் ஆகிறது. நன்னூலார் இவற்றை ஒழுங்கற்றவை என்று ஒதுக்கவில்லை. சொல்லின் உள்ளே என்ன மாறியது என்று காட்டி, அந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தார். மணியடித்து ஆங்கில வகுப்பு தொடங்கியதும் அதே பிள்ளையிடம் ‘கம் கேம் கம், எழுதிப் பாரு’ என்று மட்டும் சொல்கிறோம். இரண்டு பாடங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதை நாம்தான் எழுப்பியிருக்கிறோம்.

‘வா’ என்ற இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு நீலகிரி முழுக்கச் சுற்றி வரலாம். தமிழில் வந்த். மலையாளத்தில் வந்நு. கன்னடத்தில் பந்த. படுகர் பேச்சிலும் பகரத்தில் தொடங்கும் அதே ‘பந்த’. கோத்தர் மொழியில் மெல்லொலி கழிந்து ஏறத்தாழ ‘வத்’ என்றாகிறது. தோடர் மொழியில் வகரம் பகரமாகி, உயிரும் மாறி, ‘பொத்’ என்பதுபோல ஒலிக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில் இருந்தும், தமிழ் பேசுகிறவருக்குத் தோடர் பேச்சில் ஒரு சொல் பிடிபடாது. அவ்வளவு தூரம் விலகிப்போன மொழிகள். ஆனாலும் வா என்பது இறந்தகாலத்தில் வடிவம் மாறும் என்ற பழக்கத்தை ஒன்றுகூடக் கைவிடவில்லை.

இந்த வடிவங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதியவர் மர்ரே எமனோ. கனடாவில் பிறந்தவர். அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீரிடம் பயின்று, 1935இல் இந்தியா வந்து, 1938வரை தோடர், கோத்தர், குடகர், கொலாமி மக்களின் மொழிகளைக் களத்தில் இருந்தே குறித்துக்கொண்டார். பின்னாளில் மொழியறிஞர் பர்ரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில், பல வினைகளுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இறந்தகால அடி கொடுக்கப்பட்டிருக்கும். அந்த அடைப்புக்குறிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்த வேலை. ‘கம் கேம் கம்’ பட்டியலும் அதுவும் ஒரே வகைப் பட்டியல்தான் என்பது அப்போது தெரியும்.

எமனோவுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த ஒருவரைத் தமிழர் அனைவரும் அறிவோம். ஜி. யு. போப் 1860களில் ஊட்டியில் ஐரோப்பியச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். திருக்குறளும் திருவாசகமும் அவர் கையால் ஆங்கிலமாக வெளிவந்தது பிற்காலத்தில். ஊட்டியில் இருந்த காலத்தில் அவர் தோடர் மொழியின் பக்கமும் திரும்பினார். மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடரைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் தோடர் மொழிக்குப் போப் எழுதிய ஒரு சுருக்கமான இலக்கணம் இருக்கிறது. ஆங்கிலச் சிறுவர்களுக்கு இலக்கணம், வெளிநாட்டாருக்குத் தமிழ் இலக்கணம், தோடர் மொழிக்கு இலக்கணம் என்று மூன்றையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார். நம் ஆங்கிலப் பாடநூலில் அவரைப் பற்றி ஒரு பாடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

வேறு மாறுதல்கள் எவ்வளவோ வந்தும், ‘வா’ மட்டும் ஏன் இப்படித் தன் பழைய உருவத்தை விடாமல் இருக்கிறது? இதற்கு ஆங்கிலத்தை வைத்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. எரெஸ் லீபர்மன் உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கு மீறி நடந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98தான் மிச்சம். மற்றவை எல்லாம் ‘எட்’ சேர்த்துக்கொண்டு பொது விதிக்குள் போய்விட்டன. ஹெல்ப் என்பதற்கு முன்பு ‘ஹோல்ப்’ என்று தனி வடிவம் இருந்தது, இன்று ஹெல்ப்டு. எது போகும், எது நிற்கும் என்பதைத் தீர்மானித்தது புழக்கம். நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாகப் பொது விதிக்குள் போகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் மிக அதிகம் பேசப்படுகிற பி, ஹேவ், டூ, ஸே, கோ, கம் எல்லாமே ஒழுங்கற்ற வினைகளாக இருக்கின்றன. வாயைவிட்டு இறங்காத சொல்லை எந்தத் தலைமுறையும் புதிதாக ஊகித்துச் செய்ய வேண்டியதில்லை, கேட்டபடியே சொல்லிவிடுகிறது. எப்போதோ ஒருமுறை வரும் சொல்லுக்குத்தான் விதியின் உதவி தேவைப்படுகிறது.

என் மாணவிக்கு இதில் ஒரு பாதகம் இருக்கிறது. லவ்டேலில் உள்ள, 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி போன்ற இடங்களில், சாப்பாட்டுக் கூடத்திலும் விளையாட்டு மைதானத்திலும் ‘கேம்’ காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே அது நாக்கில் தானாகப் படியும். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல் வாரத்துக்குச் சில பாடவேளைகளில் மட்டும், அதுவும் அட்டவணையின் இரண்டாவது கட்டத்தில் காட்சி தருகிறது. புழக்கம் இல்லாத இடத்தில் மூளை விதியைத் தேடுகிறது. தேடி, தனக்குத் தெரிந்த விதியைப் பொருத்துகிறது. மொழிகள் நூற்றாண்டுக் கணக்கில் செய்ததை அவள் ஒரு கடிதத்தில் செய்தாள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். ‘ஃபெல்டு’ என்று அவள் எழுதியது இல்லாத சொல் அல்ல. ஃபால் என்றால் விழு, அதன் இறந்தகாலம் ஃபெல். ஃபெல் என்றே இன்னொரு வினையும் உண்டு, அதற்கு வீழ்த்து என்று பொருள், அதன் இறந்தகாலம் ஃபெல்டு. மரம் விழுந்தது என்பதற்கும் மரத்தை வீழ்த்தினார்கள் என்பதற்கும் நீலகிரியில் சட்டப்படியே வேறுபாடு இருக்கிறது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து நடப்பில் உள்ளது. அனுமதியில்லாமல் மரத்தை வீழ்த்தினால் குற்றம். காற்றில் விழுந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இதைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாச்சர் வந்து விசாரித்தது, பக்கத்துத் தோட்டத்தில் கேஸ் போட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை இருந்தது. ஃபெல், ஃபெல்டு என்ற வேறுபாடு அன்றைக்குப் பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

‘லெய்ட்’ கொஞ்சம் கடினம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் தடுமாறும் இடம் இது. லை என்றால் கிட. அதன் இறந்தகாலம் லே. லே என்றே எழுதப்படும் இன்னொரு வினைக்குக் கிடத்து, வை என்று பொருள். அதன் இறந்தகாலம் லெய்ட். ஒன்றின் நேற்று இன்னொன்றின் இன்றாக இருக்கிறது. குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு வசதி உண்டு, ஆங்கிலப் பிள்ளைக்கு அது இல்லை. கிட–கிடத்து, திருந்து–திருத்து, அமர்–அமர்த்து, வீழ்–வீழ்த்து என்று தன்வினை பிறவினை இரட்டைகள் நம் வாயில் தினமும் ஓடுகின்றன. ஆங்கிலத்தின் லை–லே, ஃபால்–ஃபெல், சிட்–செட், ரைஸ்–ரெய்ஸ் எல்லாம் அதே இரட்டைகள்தான். பண்டை ஜெர்மானிய மொழியில் வினையின் பின்னால் யகரம் போன்ற ஓர் ஒலி சேர்ந்தால் பிறவினை. அந்த ஒலி முன்னிருந்த உயிரை மாற்றிவிட்டுத் தானும் மறைந்துபோனது. ஆங்கிலப் பிள்ளைக்கு இன்று மிஞ்சியிருப்பவை ஒன்றோடொன்று தொடர்பு தெரியாத சில சொற்கள். நமக்கு அந்தத் தொடர்பு கண்ணெதிரே இருக்கிறது. ‘எதை?’ என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மரம் எதைக் கிடத்தியது? எதையும் இல்லை, அதுவே கிடந்தது. அப்படியானால் லே.

இவ்வளவு சொல்லிவிட்டு, பிழை இருந்தால் இருக்கட்டும், பொருள் புரிந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் படித்து முடித்த ஒரு பையன், குன்னூர்ப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பறை வேலைக்கு நேர்காணலுக்குப் போனான். ‘டிட் நாட் வென்ட்’ என்று ஒருமுறை சொன்னதும் எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் அவன் வாய் திறக்கவே இல்லை. கணக்கில் கெட்டிக்காரன், மூன்று மொழி பேசுவான். ஒரே ஒரு வினைமுற்று அவனை எடைபோட்டுத் தள்ளிவிட்டது. சரியான வடிவத்தை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும். அது அவனுடைய உரிமை.

இந்தச் சிரிப்புக்கு வயது அதிகம். 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கிய மெக்காலே, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்திக்கப் பல்லக்கில் ஊட்டிக்கு ஏறினார். அந்த ஆண்டின் மழைக்காலத்தை இந்த மலையில்தான் கழித்தார். பிறகு கல்கத்தா போய், 1835 பிப்ரவரி 2ஆம் தேதியிட்ட கல்விக் குறிப்பை எழுதினார். ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்று இந்நாட்டு மனிதர்களைப் பிரிக்கும் கோடு அங்கே அழுத்தமாக விழுந்தது. அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், சுற்றிலும் நான்கைந்து மொழிகளில் ‘வா’ தன் பழைய உருமாற்றங்களோடு பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மொழிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாக அந்தக் குறிப்பில் அடையாளம் இல்லை.

இப்போதெல்லாம் நான் வினை அட்டவணையை அகரவரிசையில் கொடுப்பதில்லை. உறவுமுறையில் கொடுக்கிறேன். சிங், ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின் என்று உயிர் மட்டும் மாறுகிறவை ஒரு குடும்பம். கட், புட், ஹிட், ஷட் என்று எதுவுமே மாறாதவை ஒரு குடும்பம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவை. பிரிங், பை, திங்க், டீச் ஆகியவை பிராட், பாட், தாட், டாட் என்று ஒரே ஓசையில் முடிகிறவை. இந்தக் குடும்பத்தில் கேட்ச் பிறந்ததல்ல. நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்து, மற்றவற்றைப் பார்த்து ‘காட்’ என்று தானும் மாறிக்கொண்டது. கடைசியில் தனியாக நிற்பது கோ. அதற்கு மட்டும் உறவு சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ‘வென்ட்’ அதன் பிள்ளையே அல்ல. சுற்றிச் செல் என்ற பொருளுடைய ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது.

இதைச் சொல்லி முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்ப கோவோட சொந்த பாஸ்ட் எங்க போச்சு டீச்சர்?”

பழைய ஆங்கிலத்தில் ‘ஏயோடெ’ என்று ஒரு வடிவம் இருந்தது, இடைக்காலத்தில் ‘யேட்’ என்று தேய்ந்தது, 1500 வாக்கில் வழக்கொழிந்தது என்று சொன்னேன். அவன் விடவில்லை.

“சரிங்க டீச்சர், வென்ட்டைக் குடுத்துட்ட வெண்ட் என்ன பண்ணுச்சு?”

அது ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது. எட் போட்டு.

“அப்ப நாங்க பண்ற மாதிரிதான்” என்றான்.

ஆமாம் என்றேன்.